வான்கோழி வரும் வழி தெரிந்து உட்காருவது

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் வசந்தகால வான்கோழி வேட்டை ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் தொடங்கி மூன்று வாரம் நடக்கும். மார்ச் பிறந்ததுமே செயிண்ட் லூயிஸ் பக்கத்துத் தமிழ் நண்பர்கள் ஃபோன் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். எந்தத் துப்பாக்கி வாங்கலாம், பெட்டைக் குரலில் சேவலைக் கூப்பிடுவதற்கு வாய்க்குள் வைக்கும் டயஃப்ரம் நல்லதா, உரசி ஒலியெழுப்பும் மரப்பெட்டி நல்லதா என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். இரண்டும் நல்லதுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு. எங்கே உட்காரப் போகிறீர்கள்? சேவல் ராத்திரி எந்த மரத்தில் அடைகிறது, விடிந்ததும் எந்தப் பக்கம் நடக்கிறது, நடுவில் ஓடையோ வேலியோ இருக்கிறதா? இதற்குப் பதில் தெரிந்தவருக்குச் சுமாராகக் கூப்பிடத் தெரிந்தாலே போதும். தெரியாதவர் எவ்வளவு அழகாகக் கூப்பிட்டாலும் சேவல் தூரத்தில் நின்று பதில் சொல்லிவிட்டுப் போய்விடும். ஓசார்க் மலைச்சரிவுகளில் பல வசந்தங்கள் உட்கார்ந்து நான் கற்றதில் முக்கியமானது இதுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் அமெரிக்காவில், உரிமம் வாங்கிச் செய்கிற வேட்டை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கௌதாரி, காடை, காட்டுக்கோழி எதையும் வேட்டையாடக் கூடாது. ஊருக்குப் போகும்போது இந்தப் பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

இந்தப் பறவை இங்கே இன்றைக்கு இருப்பதே பலருடைய உழைப்பால்தான். 19-ஆம் நூற்றாண்டில் காடுகளை வெட்டித் தள்ளினார்கள், சந்தையில் விற்பதற்காகக் கணக்கில்லாமல் சுட்டார்கள். 1930-களின் கடைசியில் மிசூரியில் வான்கோழி வேட்டையே நிறுத்தப்பட்டது. பண்ணையில் வளர்த்த வான்கோழிகளை ஆயிரக்கணக்கில் காட்டில் விட்டுப் பார்த்தார்கள், அவை பிழைக்கவில்லை. ஏன் பிழைக்கவில்லை என்பதை ஸ்டார்க்கர் லியோபோல்ட் என்ற ஆய்வாளர் இதே ஓசார்க் பகுதியில் ஆராய்ந்து 1944-இல் எழுதினார். ஆபத்து வந்தால் காட்டுப் பெட்டை எச்சரிக்கும், குஞ்சுகள் அப்படியே தரையோடு ஒட்டிக்கொள்ளும். பண்ணை ரத்தம் கலந்தவற்றிடம் அந்தச் சுபாவம் மங்கிப் போயிருந்தது. அதற்கப்புறம்தான் சரியான வழி பிறந்தது. எங்கேயாவது மிஞ்சியிருந்த காட்டுப் பறவைகளுக்குச் சோளம் தூவி, அவை கூடியதும் சிறு பீரங்கிகளால் வலையை அவற்றின் மேல் பாய்ச்சிப் பிடித்து, வான்கோழியே இல்லாத காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். 1960-இல் மறுபடி வேட்டை திறந்தபோது 14 மாவட்டங்களில் 3 நாள் மட்டும் அனுமதி. மொத்தம் 94 பறவைகள் கிடைத்தன. இப்போது ஒரே வசந்தத்தில் பல்லாயிரம் கிடைக்கின்றன. மிசூரிப் பறவைகள் மற்ற மாநிலங்களுக்கும் போயின. கென்டக்கி அவற்றுக்கு மாற்றாக ஆற்று நீர்நாய்களைக் கொடுத்தது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஷாட்கன், ரைஃபிள், தோட்டாவைத் தயாரிப்பாளர் விற்கும் விலையில் 11 சதவீதம் கூட்டாட்சி வரியாக வனவிலங்குப் பணிக்குப் போகிறது. இது 1937-இல் கொண்டுவந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம். மிசூரியில் இதோடு இன்னொரு வரியும் உண்டு. 1976-இல் மக்களே ஓட்டுப் போட்டு, விற்பனை வரியில் ஒரு சதவீதத்தின் எட்டில் ஒரு பங்கை வனவிலங்குத் துறைக்கு ஒதுக்கினார்கள். 8 டாலருக்கு ஒரு சென்ட். கடையில் அரிசி மூட்டை வாங்கும் நம்மவர்களும் அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தப் பொதுக் காட்டில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். தெற்கே மார்க் ட்வைன் தேசிய வனம் மட்டும் சுமார் 15 லட்சம் ஏக்கர். அங்கே நுழைய யாரிடமும் தயங்கி நிற்கத் தேவையில்லை.

சட்ட விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1967-இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்துச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். அப்புறம் வான்கோழிக்கான தனி அனுமதிச் சீட்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதில் பெரிய சிக்கல் இல்லை. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கூட்டாட்சிச் சட்டம் அவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதில் சொல்லப்பட்ட விலக்குகளில் ஒன்று. ஆனாலும் நண்பர் சொன்னார், நான் சொன்னேன் என்று போகாமல் குடிவரவு வக்கீலிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். விசா சம்பந்தப்பட்ட விஷயத்தில் ஒரு சின்னப் பிழையும் பெரிதாகிவிடும். அம்பு வில்லோடு போகிறவர்களும் இருக்கிறார்கள், அது நல்ல வழிதான், ஆனால் கடினம்.

வசந்தத்தில் சேவலைத்தான் சுடலாம். சட்டத்தின் வாசகம் சேவல் அல்லது மார்பில் தாடி (முடி போலத் தொங்கும் இறகுக் கற்றை) தெரியும் பறவை என்று இருக்கும், ஏனென்றால் சில பெட்டைகளுக்கும் தாடி முளைக்கும். நான் தாடி இருந்தாலும் பெட்டையைத் தொடுவதில்லை. முட்டையிடுவது அதுதானே. இரை போட்டு வரவைத்துச் சுடுவது குற்றம். போட்ட தானியத்தை முழுக்க அள்ளிய பிறகும் 10 நாளைக்கு அந்த இடத்தில் வேட்டையாடக் கூடாது. பதிவு செய்த குரலை ஸ்பீக்கரில் போடுவதும் கூடாது. மரத்தில் ஊதா பெயிண்ட் அடித்திருந்தால், அது தனியார் நிலம், உள்ளே வராதே என்று பொருள். பலகை எதுவும் இருக்காது, அந்த ஊதாக் கோடுதான் எச்சரிக்கை.

இனி காட்டுக்கு வருவோம்.

வளர்ந்த சேவல் 7 முதல் 11 கிலோ வரை இருக்கும். அவ்வளவு கனத்தோடு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், பறந்தால் 80-ஐத் தாண்டும். மோப்ப சக்தி பெரிதாக இல்லை. ஆனால் கண்ணும் காதும் அபாரம். தலையைக் கொஞ்சம் திருப்பினாலே சுற்றிலும் பார்த்துவிடும், நிறங்களும் அதற்கு நன்றாகத் தெரியும். மானுக்குக் காற்று பார்த்து உட்கார வேண்டும், வான்கோழிக்கு அசையாமல் உட்கார வேண்டும்.

வேட்டை தொடங்குவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே காட்டுக்குப் போய்விடுங்கள், துப்பாக்கி இல்லாமல். சாயங்காலம் பொழுது சாயும் நேரத்தில் மலைமுகட்டில் நின்று கேளுங்கள். வான்கோழி உயரமான மரத்தில்தான் அடையும். ஓசார்க்கில் பெரும்பாலும் ஓடைக்கு மேலே சரிவில் நிற்கும் ஓக், சிக்கமோர் மரங்கள். இருட்டும் நேரத்தில் ஆந்தை அலறினால் அடைந்திருக்கும் சேவல் தன்னையறியாமல் கொக்கரித்துவிடும். அதற்காகவே ஆந்தைக் குரல் ஊதும் குழல் விற்கிறார்கள். அந்த நேரத்தில் பெட்டைக் குரலில் கூப்பிடாதீர்கள். வேட்டைக்கு முன்பே குரலைப் பழக்கிவிட்டால், நிஜமாகக் கூப்பிடும் நாளில் அது நம்பாது.

பகலில் தரையைப் படியுங்கள். சருகைக் கிளறிய தடம் இருந்தால் பறவை எந்தத் திசையில் போனது என்று தெரியும், காலால் பின்னோக்கித் தள்ளும் என்பதால் சருகு பின்னால் குவிந்திருக்கும். எச்சத்தைப் பாருங்கள். சேவலுடையது நீளமாக, முனை வளைந்து கொக்கி மாதிரி இருக்கும். பெட்டையுடையது சுருண்டு கிடக்கும். மண்பாதையில் காலடித் தடத்துக்கு இரண்டு பக்கமும் மெல்லிய கோடுகள் இழுத்திருந்தால் அதைவிட நல்ல சேதி இல்லை. சேவல் தோகை விரித்து ஆடும்போது இறக்கை நுனி தரையில் உரசிய கோடு அது. ஆடும் இடத்துக்கு அது திரும்பத் திரும்ப வரும். மேப்பில் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இயற்கையில் சேவல் கொக்கரிக்கும், பெட்டை அதைத் தேடி நடந்து வரும். வேட்டைக்காரர் பெட்டைக் குரலில் கூப்பிட்டு, சேவல் நம்மைத் தேடி வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். அதன் வழக்கத்துக்கே எதிரான வேண்டுகோள் இது. அதனால் சேவல் பாதி தூரம் வந்து நிற்கும். நின்று பார்க்கும். குரல் வந்த இடம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் பெட்டை இல்லை என்றால் அறுபது எழுபது கஜத்தில் அப்படியே நின்றுவிடும். ஷாட்கனுக்கு எட்டுவது 40 கஜம். புதிதாக வருகிற பலரும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நன்றாகத் தெரியும் என்று பரந்த வெளியைப் பார்த்து உட்காருகிறார்கள், நமக்குத் தெரிவது அதற்கும் தெரியும்.

இதற்கு நான் செய்வது, சேவல் என் கண்ணில் படும் நொடியிலேயே அது துப்பாக்கிக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்படி இடம் பார்ப்பது. மரம் ஏற்றிய லாரிகள் போன பழைய தடங்கள் இந்தக் காடுகளில் நிறைய உண்டு. அதில் ஒரு வளைவு, வளைவிலிருந்து முப்பது கஜத்தில் ஒரு பெரிய மரம். அல்லது முகட்டின் விளிம்புக்குச் சற்றுக் கீழே, மறுபக்கத்திலிருந்து ஏறி வரும் பறவை தலையை நீட்டிப் பார்த்தால்தான் நாம் இருக்கும் பக்கம் தெரியும். குரல் வந்த இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அது அந்த வளைவைத் தாண்டியே ஆக வேண்டும். இன்னொன்றும் உண்டு. வான்கோழி மேட்டை நோக்கி நடக்கத் தயங்காது, பள்ளத்தில் இறங்கி வரத் தயங்கும். ஓடை, முள்கம்பி வேலி, அடர்ந்த புதர் இவற்றுக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். பறந்து தாண்ட முடியாதா என்றால் முடியும், ஆனால் அந்த மனநிலையில் அது நடந்துதான் வர விரும்புகிறது. ஆகவே சேவலுக்குச் சமமான உயரத்திலோ சற்று மேலேயோ, நடுவில் தடை இல்லாமல் உட்காருங்கள்.

போன வசந்தத்தில் திருநெல்வேலிக்காரத் தம்பி ஒருவன் என்னோடு வந்தான். வகுப்பு முடித்து, களிமண் தட்டு சுட்டுப் பழகி, சீட்டு வாங்கியாயிற்று. எனக்கு நிலம் கொடுத்து உதவும் பெரியவருடைய பண்ணையை ஒட்டிய காடு. ரெட்பட் பூத்து முடிந்து டாக்வுட் வெள்ளையாகப் பூத்திருந்தது. விடியும் முன்பே போய் உட்கார்ந்தோம். சேவல் மரத்திலிருந்தே நன்றாகக் கொக்கரித்தது, நான் மெல்லக் கூப்பிட்டதற்கும் பதில் சொன்னது. ஆனால் பெட்டைகள் அதோடு இருந்தன. இறங்கியதும் அவற்றின் பின்னாலேயே மறுபக்கச் சரிவில் போய்விட்டது.

“பின்னாடியே போயிரலாமா அண்ணே?” என்றான்.

“வேண்டாம்டா. பெட்டை இருக்கும்போது அது நம்மை மதிக்காது. ஒன்பது ஒன்பதரைக்கு மேலே பெட்டைகள் முட்டையிடக் கூட்டுக்குப் போகும். அப்போ அது தனியா நிற்கும். எங்கே வந்து நிற்கும்னு தெரியும்.”

இரண்டு முகடுகளுக்கு நடுவில் தாழ்வான இடம் ஒன்று. முந்தைய வாரம் இறக்கைக் கோடுகளை அங்கேதான் பார்த்திருந்தேன். சுற்றிக்கொண்டு போய், வண்டித்தடம் வளையும் இடத்தில் தோளைவிட அகலமான ஓக் மரத்தில் முதுகு சாய்த்து அவனை உட்காரவைத்தேன். இடது முழங்கால் மேல் துப்பாக்கி, முகத்தில் வலை, கையில் உறை. நான் அவனுக்குச் சற்றுப் பின்னால். குச்சியால் உரசிக் குரல் எழுப்பும் ஸ்லேட் கல்லில் மெல்ல மூன்று முறை கூப்பிட்டேன். தூரத்தில் ஒரே ஒரு கொக்கரிப்பு. அதோடு கல்லைக் கீழே வைத்துவிட்டேன்.

“இன்னொரு தடவை கூப்பிடுங்க அண்ணே.”

“அதுக்குத் தெரியும், நாம இங்கே இருக்கோம்னு. சும்மா இரு.”

இந்த இடம்தான் கஷ்டம். பதில் வந்ததும் திரும்பத் திரும்பக் கூப்பிடக் கை துறுதுறுக்கும். நாம் கூப்பிடக் கூப்பிட, பெட்டை என்னை நோக்கி வருகிறது என்று நினைத்துச் சேவல் நின்ற இடத்திலேயே காத்திருக்கும். நாம் நிறுத்திவிட்டால் அது தேடத் தொடங்கும். அவ்வப்போது கையால் சருகைக் கிளறினேன். இரை தேடும் பெட்டையின் சத்தம், அது போதும். முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் தூரத்து லாரி இன்ஜின் மாதிரி ஓர் அடிச்சத்தம், தோகை விரிக்கும்போது மார்பிலிருந்து எழும் அதிர்வு. கொக்கரிக்காமலேயே வந்துவிட்டது. வளைவில் முதலில் வெள்ளையும் நீலமும் சிவப்புமாகத் தலை தெரிந்தது. அது மரத்துக்குப் பின்னால் மறைந்த நொடியில் தம்பி துப்பாக்கியைத் திருப்பிக்கொண்டான். அதை மட்டும் பலமுறை சொல்லியிருந்தேன், தலை மறைந்தால்தான் அசைய வேண்டும்.

தோகை விரித்திருக்கும்போது கழுத்து உள்ளிழுத்திருக்கும். அப்போது சுட்டால் ரவைகள் மார்பில் பாயும், பறவை உடனே சாகாமல் போகலாம். நான் வாயால் ஒரு சின்னச் சத்தம் கொடுத்தேன். தோகையை மடக்கி, கழுத்தை நீட்டிப் பார்த்தது. அவன் தலைக்கும் கழுத்தடிக்கும் நடுவில் குறிவைத்துச் சுட்டான். முப்பது கஜம் கூட இருக்காது. அந்த இடத்திலேயே விழுந்தது. கால் முள் ஒரு அங்குலத்துக்கு மேல் இருந்தது, பொதுவாக மூன்று வயதோ அதற்கு மேலோ ஆன சேவலுக்குத்தான் அப்படி இருக்கும். தம்பி நெடுநேரம் அதன் இறகைத் தடவிக்கொண்டே இருந்தான். வெயிலில் அந்த இறகு செம்பும் பச்சையுமாக மின்னும். சுட்ட பிறகு வருத்தமும் நன்றியும் சேர்ந்து வரும், அது வர வேண்டும்.

அங்கேயே சீட்டில் தேதியைக் குறித்தோம். அன்றிரவு 10 மணிக்குள் துறைக்கு ஃபோனிலோ இணையத்திலோ தகவல் சொல்ல வேண்டும், அதைக் காட்டிலிருந்து இறங்கியதும் முடித்துவிடுவது நல்லது.

துப்பாக்கி பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 12 அல்லது 20 கேஜ் (குழல் அளவு) ஷாட்கன், இறுக்கமான சோக், அதாவது ரவை அதிகம் சிதறாதபடி குழல் வாயைக் குறுக்கும் பகுதி. வேட்டைக்கு முன் பெரிய காகிதம் ஒட்டி 40 கஜத்தில் சுட்டுப் பாருங்கள். பத்து அங்குல வட்டத்துக்குள் சுமார் நூறு ரவையாவது விழ வேண்டும். விழவில்லையென்றால் 35, 30 என்று நெருங்கி, எங்கே விழுகிறதோ அதுதான் உங்கள் எல்லை. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பிடித்த தோட்டா வேறு. இப்போது டங்ஸ்டன் ரவை வந்திருக்கிறது, ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தி, விலையும் அதிகம். அது இன்னும் தூரம் எட்டும் என்பதற்காக அறுபது கஜத்தில் சுடுகிறவர்களைப் பார்க்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. பறவையை அருகில் வரவைப்பதுதான் இந்த வேட்டை.

பாதுகாப்பை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நாம் மறைந்து உட்கார்ந்து பெட்டை மாதிரி குரல் கொடுக்கிறோம், இன்னொருவர் சேவல் மாதிரி குரல் கொடுக்கலாம். சத்தத்தை நோக்கி யாரும் ஊர்ந்து போகக் கூடாது. சிவப்பு, வெள்ளை, நீலம், கருப்பு எதுவும் உடம்பில் தெரியக் கூடாது. சாக்ஸ், கைக்குட்டை, பனியன் கழுத்து உட்பட, ஏனென்றால் அவை சேவலின் நிறங்கள். அகலமான மரத்தில் முதுகு சாய்வது சொகுசுக்காக மட்டும் இல்லை, பின்னாலிருந்து வரும் ரவையிலிருந்து காப்பதற்கும்தான். இன்னொரு வேட்டைக்காரர் கண்ணில் பட்டால் கையை ஆட்டாதீர்கள், சத்தமாகப் பேசுங்கள். சுட்ட பறவையையும், சேவலை ஈர்க்க வைக்கும் பொம்மைப் பெட்டையையும் ஆரஞ்சு நிறப் பையில் போட்டுத்தான் தூக்கி நடக்க வேண்டும். விரித்த சேவல் தோகையைக் கையில் பிடித்து அதன் பின்னால் மறைந்து நெருங்கும் ஒரு முறை வீடியோக்களில் பரவியிருக்கிறது. பொது நிலத்தில் அதைச் செய்யவே செய்யாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

உண்ணி இன்னொரு ஆபத்து. ஓசார்க்கில் லோன் ஸ்டார் உண்ணி மிக அதிகம். அது கடித்துச் சிலருக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பன்றிக்கறி ஒத்துக்கொள்ளாமல் போய்விடுகிறது. ஆல்ஃபா-கேல் என்பார்கள், சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தடிப்பு வரும், சிலருக்கு மூச்சே அடைக்கும். பறவைக்கறிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. துணிகளுக்கும் ஷூவுக்கும் முந்தைய நாளே பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியை அடித்துக் காயவைத்துவிடுங்கள், அதைத் தோலில் பூசக் கூடாது. வீடு திரும்பியதும் குளித்து அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு எல்லாம் பாருங்கள்.

பறவையைச் சுத்தம் செய்யும்போது தீனிப்பையைத் திறந்து பாருங்கள். தம்பியின் சேவலில் குளோவர் இலையும் வண்டுகளும் பழைய ஓக் கொட்டையும் இருந்தன. பெரியவரின் மேய்ச்சல் ஓரத்தில் அது மேய்ந்திருக்கிறது என்று தெரிந்தது, அடுத்த வாரம் எங்கே உட்காருவது என்பதற்கும் அது ஒரு துப்பு.

கறியில் கொழுப்பே கிடையாது, அதனால் கடைக் கோழி மாதிரி சமைத்தால் மரக்கட்டை ஆகிவிடும். நெஞ்சுக்கறியை லிட்டருக்கு 50 கிராம் உப்புக் கலந்த தண்ணீரில் ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். ரவை போன வழியில் இறகும் உள்ளே போயிருக்கும், விரலால் தடவி எடுத்துவிட வேண்டும். டங்ஸ்டன் ரவை பல்லை உடைக்கும். நாருக்குக் குறுக்கே மெல்லிசாக அரிந்து, மோரில் கொஞ்ச நேரம் பிரட்டி, சின்ன வெங்காயம், மிளகு, சோம்பு, கறிவேப்பிலை போட்டுச் சுக்காவாக வதக்கலாம். உள்ளே 74 டிகிரி செல்சியஸ் ஆனதும் இறக்கிவிட வேண்டும். தொடையையும் காலையும் இங்கே பலர் தூக்கி எறிகிறார்கள், நரம்பு கெட்டி என்று. நம் பிரஷர் குக்கர் அதற்கென்றே செய்தது போல உதவும். மஞ்சள், இஞ்சி, உப்போடு ஏழெட்டு விசில், வயதான சேவல் என்றால் இன்னும் கூட. கறி கழன்று வரும், நரம்புகளை உருவி எடுத்துவிட்டு, அந்தச் சாற்றிலேயே தேங்காய், சீரகம், கசகசா அரைத்துக் குழம்பு வைக்கலாம். பெரியவர் வீட்டுக்கு நாங்கள் எப்போதும் ஒரு பாத்திரம் கொண்டுபோவோம். நிலம் கொடுப்பவருக்கு வேலி கட்டவும் வைக்கோல் உருளை அடுக்கவும் ஒரு நாள் ஒதுக்குங்கள். அடுத்த வருடமும் அனுமதி கேட்கும்போது அது பேசும்.

வான்கோழியில் பொறுமை வராதவர்களுக்குச் செப்டம்பர் 1-ஆம் தேதி திறக்கும் புறா வேட்டை நல்ல தொடக்கம். துறையே சூரியகாந்தி விதைத்து வைத்திருக்கும் வயல்களில், ஓரத்தில் நின்று பறக்கும் புறாவைச் சுடுவது. பேசலாம், குழந்தைகளைக் கூட்டிப்போகலாம். இவை வலசைப் பறவைகள் என்பதால் அதற்கான தனி அனுமதியும், துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி ஓர் அடைப்பும் வேண்டும். நாளுக்கு 15. பாப்வைட் காடை நவம்பரில் திறக்கும், ஆனால் அதற்கு நல்ல நாய் வேண்டும், புல்வெளி வேண்டும். காடை இருந்த பல வயல்களில் இப்போது அந்த விசில் குரலே கேட்பதில்லை.

வான்கோழியும் ஒரு காலத்தில் இருந்ததைவிட இப்போது குறைவுதான். மிசூரியில் மட்டும் இல்லை, தென்கிழக்கு மாநிலங்கள் பலவற்றிலும். ஒரு பெட்டைக்கு எத்தனை குஞ்சு தேறுகிறது என்ற கணக்கு முன்பைவிடக் குறைவு. முட்டையைத் தின்னும் ரக்கூன், ஒப்போசம், மே ஜூன் மழையில் நனைந்து விறைக்கும் குஞ்சுகள், பூச்சி கிடைக்காத சுத்தமான வயல் எல்லாம் சேர்ந்த விளைவு. பெட்டை தரையில்தான் கூடு வைக்கும், பத்துப் பன்னிரண்டு முட்டை, 28 நாள் அடை. ஜூன் தொடக்கத்தில் வைக்கோல் அறுக்கும் இயந்திரம் அந்தக் கூட்டின் மேல் ஏறிவிடுகிறது. பெரியவரிடம் இதைப் பேசினேன். காட்டை ஒட்டிய ஒரு பட்டையை மட்டும் ஜூலை பாதி வரை அறுக்காமல் விடச் சம்மதித்திருக்கிறார். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கண்ணில் படும் பெட்டைகளையும் குஞ்சுகளையும் எண்ணித் துறைக்கு எழுதி அனுப்பும் கணக்கெடுப்பு ஒன்று நடக்கிறது, யார் வேண்டுமானாலும் சேரலாம், வேட்டை உரிமம் தேவையில்லை. காரில் போகும்போது பார்த்தாலும் எழுதலாம். குஞ்சே இல்லாமல் தனியாகத் திரியும் பெட்டையைப் பார்த்தால் அதையும் எழுத வேண்டும், அதை விட்டுவிட்டால் கணக்கு தப்பாகிவிடும்.